நான்கு நிமிடக் கடல்

கடற்கரையில் அந்தியைப் படமெடுக்க ஆசைப்பட்டு என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஃபில்டர் வாங்கலாம் என்பதுதான். பத்து ஸ்டாப் என்.டி. ஒன்று வாங்குங்கள், முடிந்தால் ஆறு ஸ்டாப் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கறுப்புக் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் மாட்டி ஷட்டரை நான்கு நிமிடம் திறந்து வைத்தால் அலைகள் இல்லாமல் போய்விடுகின்றன. கடல் மூடுபனியாகப் படிந்து கிடக்கிறது. அடித்த அலைகள் எங்கே போயின? அந்த நான்கு நிமிடத்துக்குள் குறுக்கே கடந்த வள்ளமும் அதில் நின்றிருந்த ஆளும் எங்கே? நாகர்கோவிலில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மறைக்கல்வி வகுப்பில் கடவுளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு இந்தக் கேள்வி வெகுகாலமாகக் கடவுளைப் பற்றிய கேள்வியாகவே இருந்துவருகிறது.

கேள்வி முளைத்த இடம் கணக்கு. ஆகவே கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டுக் கடற்கரை பெரும்பாலும் கிழக்கே பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழுவதைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பார்க்கலாம். கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கக் குமரி மாவட்டத்துக்கு வர வேண்டும். குமரி முனையில் கூட்டம் அதிகம். ஆண்டின் பாதி மாதங்கள் அங்கே சூரியன் நிலத்தின் பக்கம் ஒதுங்கியும் விடும். நான் போவது முட்டம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் கடலுக்குள் இறங்கிக் கிடக்கும் இடம். பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' 1981-இல் வந்தபோது தமிழ்நாடே பார்த்த அதே கரை. மார்கழியிலும் தையிலும் அடிவானம் கழுவிவிட்டது போல் துலக்கமாக இருக்கும்.

சூரியன் அடிவானத்தைத் தொடும் நேரத்தில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11 என்று வைத்தால், ஃபில்டர் இல்லாமல் 1/15 விநாடி அளவுக்கு எக்ஸ்போஷர் கிடைக்கும். அதில் அலை உறையவும் இல்லை, கரையவும் இல்லை. இரண்டும் கெட்டானாக நிற்கும். நேரத்தை நீட்டுவதற்காகச் சிலர் அப்பெர்ச்சரை எஃப் 22 வரை ஒடுக்குகிறார்கள். அதனால் கிடைப்பது நான்கு மடங்கு, அதாவது 1/4 விநாடி. இழப்பது அதைவிடப் பெரிது. 24 மி.மீ. லென்ஸில் எஃப் 22 என்றால் ஒளி நுழையும் துவாரத்தின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர்தான். அவ்வளவு ஒடுங்கிய வாசலில் ஒளி விளிம்போரம் வளைந்து பரவும். புள்ளியாக விழ வேண்டியது ஏறக்குறைய 0.03 மி.மீ. அகல வட்டமாக விழும். என் கேமராவின் ஒரு பிக்ஸல் அதில் ஐந்தில் ஒரு பங்கு. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியின் விளிம்பு மழுங்கிப்போகும். எஃப் 8, எஃப் 11, இதற்குமேல் நான் ஒடுக்குவதில்லை. காலடிப் பாறையிலிருந்து அடிவானம்வரை துலங்க அகலக்கோண லென்ஸில் எஃப் 11 போதும். காலத்தை நீட்டுகிற வேலையை ஃபில்டரிடம் விட்டுவிட வேண்டும்.

பத்து ஸ்டாப் ஃபில்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். 1/15 விநாடி ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும். சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்து வெளிச்சம் குறைந்து, வெறும் லென்ஸுக்கே 1/4 விநாடி தேவைப்படும்போது, ஃபில்டரோடு நான்கு நிமிடம். எங்கள் ஊரில் சூரியன் சாயாமல் நேராக இறங்குகிறது. வட்டு முழுதும் மூழ்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்தியும் அதே வேகத்தில் அணையும். ஷட்டர் திறந்திருக்கும்போதே வெளிச்சம் குறைந்துகொண்டு போவதால், தொடங்கும்போது போட்ட கணக்கு முடியும்போது பொருந்தாது. அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். இது அனுபவத்தில்தான் வரும்.

வானம் கடலைவிடப் பல மடங்கு வெளிச்சம் என்பதால் கிராஜுவேட்டட் ஃபில்டர் என்று இன்னொன்று வேண்டும்: மேல்பாதி கறுத்தது, கீழ்ப்பாதி தெளிந்தது. அந்திக்கென்றே, நடுக்கோட்டில் அதிகம் கறுத்து மேலே போகப்போக வெளுக்கும் ரிவர்ஸ் வகையும் உண்டு. முட்டத்தில் பாறையும் கலங்கரை விளக்கமும் அடிவானக் கோட்டை மீறி நிற்பதால், விளிம்பு மென்மையான வகையைத்தான் நான் எடுக்கிறேன். இல்லாவிட்டால் விளக்கத்தின் தலை கருகிவிடும். இந்தச் சிக்கல் புதிதில்லை. 1850-களில் பிரான்சின் கடற்கரைகளில் படமெடுத்த குஸ்தாவ் லெ கிரேயும் இதில் மாட்டிக்கொண்டவர்தான். அந்தக் காலத்து ரசாயனம் நீலத்துக்கு அதிகம் மயங்கும். கடல் தெரிய எடுத்தால் வானம் வெற்றுத் தாளாகிவிடும். அவர் கடலைத் தனியாகவும் மேகத்தைத் தனியாகவும் எடுத்து, இரண்டு நெகட்டிவ்களை ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். ஒரு நேரத்துக் கடல், இன்னொரு நேரத்து வானம். பார்த்தவர்கள் ஒரே அந்தி என்றுதான் வியந்தார்கள். கடற்படம் என்ற கலையின் தொடக்கத்திலேயே, இதில் இருப்பது எந்த நேரம் என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்துவிட்டது.

பத்து ஸ்டாப் ஃபில்டரை மாட்டிவிட்டால் வ்யூஃபைண்டரில் எதுவும் தெரியாது. ஃபிரேமும் ஃபோகஸும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, கண்ணாடியை மாட்டி, பின்பக்கத் துவாரம் வழியே ஒளி கசியாமல் மூடி, ட்ரைபாடின் கால்கள் பாறை இடுக்கில் ஊன்றியிருக்கின்றனவா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்து, ரிமோட்டை அமுக்கினால் அதன்பின் நான் செய்ய ஒன்றும் இல்லை. கேமரா என்ன பார்க்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் பார்ப்பது வேறு: அலை அடிக்கிறது, நுரை பாறையில் ஏறி வழிகிறது, கடற்காகம் ஒன்று போகிறது, கரையேறும் வள்ளத்திலிருந்து யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். என் கண் ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாய் விட்டுவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பெட்டி எதையும் விடாமல் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆனால் சேர்த்து முடித்தபோது அதனிடம் இவற்றில் எதுவும் இல்லை.

முட்டத்துக் கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒரு பாட்டாவுக்கு நான் பழக்கம். பெண்பிள்ளை தனியாக இருட்டும் நேரத்தில் பாறையில் நிற்கிறாளே என்று முதலில் விசாரிக்க வந்தவர். ஒரு நாள் கேமராவின் திரையில் படத்தைக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்தக் கடலு மக்களே?"

"நம்ம முட்டந்தான் பாட்டா. இப்பம் எடுத்ததாக்கும்."

"நம்ம கடலுன்னு சொல்லாத. இதுல அலையும் இல்ல, ஆளும் இல்ல. இந்தக் கடல்ல ஒருத்தனும் சாவமாட்டான்."

அவருடைய மருமகன் ஓகியில் போனவன். 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் நின்ற குமரி மாவட்டத்துப் படகுகள் பல திரும்பவில்லை; தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் வீட்டுக்கு வீடு அழுகை. உடல்கூடக் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். அதற்கு முன் 2004 டிசம்பர் 26. குளச்சலையும் கொட்டில்பாட்டையும் கடல் வந்து எடுத்துக்கொண்டு போன அந்தக் காலையை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட கடலை நான் அமைதி தவழும் மூடுபனியாக்கிச் சட்டம் போட்டு விற்கிறேன் என்றால், அது பொய்யா?

கேமராக்காரர்களிடம் இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு. எந்தப் படமும் உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை என்பது. 1/1000 விநாடியில் எடுத்த அலையைப் பாருங்கள்: நீர் கண்ணாடிச் சில்லுகளாக அந்தரத்தில் தொங்கும். அப்படி ஓர் அலையை எந்த மீனவனும் கண்டதில்லை. மனிதக் கண்ணும் ஒளியைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைத்துத்தான் பார்க்கிறது. மங்கலில் அது விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரும். நமக்கும் ஒரு ஷட்டர் இருக்கிறது, அதை மாற்ற முடியாது, அவ்வளவுதான். இன்னும் சொன்னால், அடிவானத்தில் கீழ்விளிம்பு தொட்டபடி நாம் காணும் சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே போய்விட்ட சூரியன். காற்று மண்டலம் ஒளியை அரைப் பாகைக்குச் சற்று மேல் வளைத்துத் தூக்கிக் காட்டுகிறது. சூரியனின் அகலமே அரைப் பாகைதான். கடற்கரையில் கூடி நின்று கைதட்டுகிறவர்கள் மறைந்துபோன ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் சரி. ஆனால் பாட்டா ஒளியியல் கேட்கவில்லை. ஆள் எங்கே என்று கேட்டார்.

1838-இல் லூயி தகேர் பாரிஸில் ஒரு மாடி ஜன்னலிலிருந்து பூல்வார் தூ தாம்ப்ள் என்ற தெருவைப் படமெடுத்தார். பகல் நேரம். வண்டிகளும் மனிதர்களும் நெருக்கியடித்துப் போகும் தெரு. படத்தில் தெரு காலியாகக் கிடக்கிறது. தகடு ஒளியை ஏற்கச் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால் நகர்ந்தவர்கள் எல்லாரும் துடைக்கப்பட்டுவிட்டார்கள். இடப்பக்க ஓரத்தில் ஒருவர் மட்டும் நிற்கிறார். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றதால் தப்பித்தார். மெருகேற்றுகிறவன் கை அசைந்துகொண்டே இருந்ததால் அவன் கலங்கலாகத்தான் பதிந்தான். புகைப்படத்தில் பதிந்த முதல் மனித உருவம் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். வேலை செய்துகொண்டிருந்தவன் கரைந்தான், வேலை வாங்கியவர் நிலைத்தார். அந்தப் படத்தை முதன்முதலாகப் பெரிதாகப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வியப்பினால் இல்லை, பயத்தினால்.

பயத்தின் காரணம் மறைக்கல்வி வகுப்பு. நமக்கு நேற்று, இன்று, நாளை. கடவுளுக்கு எல்லாம் ஒரே பார்வை என்று சொல்லித் தந்தார்கள். பிற்பாடு அதன் வேரைத் தேடிப் படித்தபோது போயத்தியஸ் கிடைத்தார். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில், மரண தண்டனைக்குக் காத்துச் சிறையில் இருந்தபடி மெய்யியலின் ஆறுதலைப் பற்றி எழுதியவர். முடிவில்லாத நேரம் நீண்டுகொண்டே போவது நித்தியம் இல்லை. முடிவில்லாத வாழ்வு முழுவதையும் ஒருசேர உடைமையாகக் கொண்டிருப்பதே நித்தியம் என்பது அவர் கருத்து. சிறுவயதில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. கேமரா பழகிய பிறகு அந்த ஆறுதல் போய்விட்டது. நீண்ட நேரத்தை ஒரே பார்வையில் பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமே! நான்கு நிமிடத்துக்கே வள்ளமும் ஆளும் காணாமல் போகிறார்கள். எல்லாக் காலத்தையும் ஒரே பார்வையில் பார்க்கிறவருக்கு, ஓகியில் போன இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன் தெரிவானா? மலைகூடத் தெரியுமா?

கேமரா எதையும் தொலைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 9 மீட்டர் வள்ளம் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், படத்தின் ஒரு புள்ளியை அது மறைப்பது 3 விநாடி. 240 விநாடியில் 3. அந்தப் புள்ளியில் விழ வேண்டிய ஒளியில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு குறையும். கண்ணுக்கு அந்தக் குறை பிடிபடாது. ஆனால் குறை இருக்கிறது. வள்ளம் கடந்த பாதை முழுவதும் கடல் இம்மியளவு இருண்டிருக்கிறது. ஆக, அந்த ஆள் படத்தில் இல்லை என்று சொல்ல முடியாது. மொத்தத்தில் கலந்திருக்கிறான். விளக்கு ஏற்றிய வள்ளமாக இருந்தால் கதை வேறு: ஆள் தெரியமாட்டான், விளக்கு போன வழி தங்கக் கோடாகப் பதியும். வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மொத்தத்தில் கலந்திருப்பது போதுமா? போதும் என்று சொல்லும் மரபு நம் நாட்டில் வலுவாக உண்டு. அலை என்று தனியே ஒன்று இல்லை, எல்லாம் நீர்தான், உருவமும் பெயரும் மறைவதால் நீருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று அத்வைதிகள் விளக்குவார்கள். என் நான்கு நிமிடக் கடலை அவர்கள் தங்கள் பாடப் படமாகவே மாட்டிக்கொள்ளலாம். அதன் ஆழத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மகனைத் தொலைத்த தாயிடம் போய், உன் பிள்ளை முழுமையில் கலந்திருக்கிறான் என்று சொல்ல என்னால் முடியாது. அவளுக்கு வேண்டியது அவன் முகம். முகத்தைக் கணக்கில் எடுக்காத ஆறுதல் எவ்வளவு உயர்ந்த தத்துவத்திலிருந்து வந்தாலும் இந்தக் கரையில் நிற்காது.

பௌத்தர்களின் கணபங்க வாதம் இதற்கு நேர் எதிர்த் திசை. கணந்தோறும் எல்லாம் தோன்றி அழிகின்றன. தொடர்ச்சி என்று நாம் காண்பது அடுத்தடுத்த கணங்களின் வரிசை. அவர்களுக்குக் கடல் என்று ஒன்று இல்லை, இந்த அலை, இந்த அலை, இந்த அலை, அவ்வளவே. அது 1/1000 விநாடிப் படம். அதில் முகம் தெரியும். ஆனால் நேற்றைய முகமும் இன்றைய முகமும் ஒருவனுடையவை என்று பிடித்து வைக்க ஆள் இல்லை. தமிழில் இந்த வழக்கு நூற்றாண்டுகள் நடந்திருக்கிறது. மணிமேகலை பௌத்தத்தின் பக்கம் பேசுகிறது. நீலகேசி சமணத்தின் பக்கம் நின்று அதை எதிர்க்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் சைவம் தன் பங்குக்கு வாதிடுகிறது. கடலும் அலையும் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த நூல்களின் பெயரைக்கூடப் பள்ளியில் மதிப்பெண்ணுக்குத்தான் சொல்லித் தருகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

எனக்கு வழி காட்டியது ஒரு மலை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால். பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள்: பார்சுவநாதர், மகாவீரர், இன்னும் பலர். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். பின்னாளில் அந்த இடம் பகவதி கோயிலானது. ஸ்டுடியோ வேலையாகத்தான் அங்கே முதலில் போனேன். சாய்ந்த வெயிலில் சிற்பங்களை எடுத்துவிட்டு, இவர்கள் என்னதான் சொன்னார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். உள்ள பொருள் எதுவானாலும் அது தோன்றுகிறது, அழிகிறது, நிலைக்கிறது. மூன்றும் ஒருசேர நடக்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவன் பொய் சொல்லவில்லை, ஆனால் தன் நோக்கு எது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அவர்கள் நிலை. கேமரா பிடிக்கிற எவருக்கும் இது உடனே புரியும். ஷட்டர் நேரம் இல்லாத படம் உலகத்தில் கிடையாது. 1/1000 விநாடிக் கடலும் உண்மை, நான்கு நிமிடக் கடலும் உண்மை. நேரத்தைச் சொல்லாமல் இதுதான் கடல் என்று நீட்டும்போதுதான் பொய் நுழைகிறது. அன்றிலிருந்து நான் விற்கும் ஒவ்வொரு பிரின்ட்டின் கீழும் ஷட்டர் நேரத்தை எழுதுகிறேன். வாங்குகிறவர்களில் சிலருக்கு அது பிடிப்பதில்லை, படத்தின் மயக்கம் கெடுகிறது என்கிறார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சமணர்கள் படத்தின் நேர்மையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பாட்டாவின் கேள்வி அப்படியே இருந்தது. படைத்துக் காக்கும் கடவுள் ஒருவரைச் சமணம் ஏற்பதில்லை. எனக்கோ அவர் வேண்டும். அவர் பார்வையில் அந்தப் பையன் இருக்கிறானா?

ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1970-களில் ஒரு காரியம் செய்தார். பழைய திரையரங்குகளுக்குப் போய், படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடினார். ஒரு முழுத் திரைப்படம், ஒரே எக்ஸ்போஷர். கிடைத்தது வெண்மையாக ஒளிரும் வெற்றுத் திரை. காதலும் கொலையும் துரத்தலும் கூட்டிச் சேர்த்தால் வெள்ளை. சுற்றிலும் காலி நாற்காலிகள். கடவுளின் பார்வை என்பது எல்லாவற்றின் கூட்டுத்தொகை என்றால், அவர் பார்ப்பது இந்த வெள்ளைத் திரையைத்தான். அப்படி ஒரு கடவுளிடம் செபிப்பது வீண். ஆகவே போயத்தியஸ் சொன்ன 'ஒருசேர' என்பது கூட்டல் ஆகாது. கேமராவிடம் இருப்பது ஒரே தகடு. வருவதையெல்லாம் அதன்மேலேயே குவிக்க வேண்டியிருப்பதால் அது கூட்டுகிறது. அது தகட்டின் வறுமை. அந்த வறுமையைக் கடவுள்மேல் ஏற்றிக்கொண்டுதான் நான் அத்தனை காலம் பயந்திருந்தேன்.

இதை எனக்குத் தெளிவாக்கியதும் தொழில்தான். நான்கு நிமிடக் கடலை ஃபில்டர் இல்லாமலும் எடுக்கலாம். சூரியன் போன பிறகு, 1/4 விநாடிப் படங்களாக, விநாடிக்கு ஒன்று வீதம் 240 எடுத்து, கம்ப்யூட்டரில் அடுக்கிச் சராசரி கண்டால், பத்து ஸ்டாப் கண்ணாடி தரும் அதே மூடுபனிக் கடல் வந்துவிடும். ஃபோட்டோகிராஃபர்கள் இதை ஸ்டாக்கிங் என்பார்கள். கறுப்புக் கண்ணாடியின் நிறத்திரிபு இதில் இல்லை. சென்சர் சூடேறி வரும் வெண்புள்ளிகளும் குறைவு. இவை சில்லறை லாபங்கள். பெரிய லாபம், அந்த 240 படங்களும் கையில் இருக்கின்றன. மூடுபனிக் கடலும் இருக்கிறது. 97-ஆவது படத்தைத் திறந்தால், துடுப்பைத் தூக்கியபடி கட்டுமரத்தில் ஒருவர் இருக்கிறார், முதுகின் வளைவோடு. முழுமைக்காக அவர் கரையவில்லை. அவருக்காக முழுமை உடையவும் இல்லை. ஒன்றை அடைய இன்னொன்றை விலையாகக் கொடுக்க வேண்டிய தேவை கண்ணாடியிலிருந்து வந்ததே தவிரக் காலத்திலிருந்து வரவில்லை. மனிதக் கைக்கே இவ்வளவு முடிகிறதென்றால், எல்லாவற்றையும் ஒருசேரக் காண்பதும் ஒவ்வொன்றையும் தனித்துக் காண்பதும் ஒரே பார்வையில் கூடாது என்று கடவுளுக்கு நான் எப்படி எல்லை போடுவேன்?

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. என் 240 படங்களுக்கு நடுவே முக்கால் விநாடி இடைவெளிகள் இருக்கின்றன. அவற்றில் நடந்தது எனக்குத் தப்பிப்போகும். அதைவிடப் பெரிய இடர், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது, ஆனால் யாரையும் தேடுவதில்லை. 97-ஆவது படத்தில் ஆள் இருக்கிறார் என்பதற்காக யாரும் அவரைப் பார்த்துவிட்டதாக ஆகாது. ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் திறந்து பார்க்க வேண்டும். நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்ததென்று தேடிப்போன மேய்ப்பனைப் பற்றி ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள் நான். நித்தியத்தைப் பற்றிய போயத்தியஸின் விளக்கம் அந்த மேய்ப்பன்வரை வருவதில்லை. பார்வை எப்படி இயலும் என்பதை மெய்யியலாரிடம் கற்கலாம். பார்க்கிறவருக்கு அக்கறை இருக்கிறதா என்பதை அவர்கள் நிறுவித் தர முடியாது. அதை நான் நம்புகிறேன். நம்பிக்கை என்றே சொல்கிறேன், நிறுவப்பட்டது என்று சொல்லவில்லை.

அடுக்கி எடுத்த அந்தக் கடலையும் 97-ஆவது படத்தையும் பக்கம்பக்கமாக அச்சிட்டுப் பாட்டாவிடம் கொண்டுபோனேன். மூடுபனிக் கடலை அவர் இந்த முறையும் ஒதுக்கித்தான் வைத்தார். மற்றதைக் கையில் வாங்கி, கட்டுமரத்தில் இருந்தவர் யார், அன்றைக்கு என்ன மீன் பட்டது, எந்த வீட்டில் பெண் எடுத்தவர் என்று வரிசையாகச் சொன்னார். ஒதுக்கி வைத்ததைக் காட்டி, இதுவும் வேணும் பாட்டா என்றேன். "ஒனக்கு வேணும்னா வச்சுக்க. எனக்கு இது காணும்" என்றார். எங்களுக்குள் அந்த வழக்கு தீரவில்லை. அவர் கேட்ட ஒன்றே போதும் என்று என்னால் இருக்க முடியாது. நான்கு நிமிடமும் நானும் கடலும் மட்டும் நின்ற அந்த நிலையில் எனக்கு ஏதோ காட்டப்பட்டது. அதை மறுத்தால் நான் பொய் சொல்கிறவளாவேன்.

ஆனால் வேலைமுறையை மாற்றிக்கொண்டேன். கடலில் ஆள் இருக்கும் அந்திகளில் கறுப்புக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுப்பதில்லை. படங்களாக எடுத்து அடுக்குகிறேன், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பத்து ஸ்டாப் ஃபில்டரும் எஃப் 11-உம் நான்கு நிமிடமும் அன்றைக்குத்தான்.